அங்கீகரிக்கப்பட்ட சுமார்

என் உத்தியோகத்தை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. ரகசியம் என்று நிறுவனத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வாங்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குப் பெண் கொடுத்தவர்கள் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்களை வருத்தப்படுத்துவானேன்.

விளையாட்டுக் கருவிகளைச் சோதித்து முத்திரை குத்துகிற நிறுவனம் அது. அதில் நான் கோல்ஃப் அளவீட்டுப் பிரிவு. கோல்ஃபில் டிரைவர் என்று ஒரு மட்டை உண்டு. நீளத் தண்டு, நுனியில் முஷ்டியை விடப் பெரிய உலோகத் தலை. ஆட்டத்தின் முதல் அடிக்கு, பந்தை முடிந்த மட்டும் தூரமாக விரட்ட அதைத்தான் எடுப்பார்கள். வருஷா வருஷம் யாராவது ஒரு புது டிரைவரைச் செய்துகொண்டு வந்து, பழசை விட இது தூரமாக அனுப்பும் என்பார்கள். அது நிஜமா என்று பார்ப்பது நிறுவனத்தின் வேலை. அதைப் பிடித்து அடிப்பது என் வேலை.

முன்பு இதற்கு ஒரு இயந்திரம் இருந்தது. எத்தனை தரம் அடித்தாலும் ஒரே மாதிரி அடிக்கும். சம்பள உயர்வு கேட்காது. இப்போதைய இயக்குநர் பதவிக்கு வந்ததும் முதல் காரியமாக அதை நிறுத்தினார்.

"மட்டையை வாங்கப் போறது மிஷினா? மனுஷன். அதுவும் நல்லா ஆடத் தெரியாத மனுஷன். அவனை உள்ள கொண்டு வராம என்ன சோதனை வேண்டிக்கிடக்கு?" என்றார்.

அப்போது நான் பண்டகசாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். ஊழியர்கள் எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அடிக்கச் சொன்னார்கள். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் அடித்தது வேலியைத் தாண்டியது. சிலர் அடித்தது அவர்கள் காலடியிலேயே கிடந்து அவர்களையே பார்த்தது. என் பந்து கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் வலப்பக்கம் திரும்பி, மைதானத்தின் நடுவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் அருகில் விழுந்தது. மறுபடி அடிக்கச் சொன்னார்கள். மறுபடியும் தொட்டி. மறுநாள் வரச் சொன்னார்கள். தொட்டி. எல்லோருடைய தூரத்தையும் கூட்டி வகுத்தால் வந்த இடம், அந்தத் தொட்டி.

"இவர்தான்யா மனுஷன்" என்று இயக்குநர் என் தோளைத் தட்டினார். என் வாழ்நாளில் நான் வென்ற ஒரே போட்டி அதுதான். நடுவில் வந்ததற்காக.

அன்று முதல் நான் நிறுவனத்தின் நிலையான சராசரி ஆட்டக்காரன். முன்னும் பின்னும் 'சராசரி' என்று எழுதிய மேலங்கி கொடுத்தார்கள். கூடவே விதிமுறைகள் வந்தன. நான் பயிற்சி எடுக்கக் கூடாது. நன்றாக ஆடுகிறவர்கள் அருகில் நிற்கக் கூடாது. தொலைக்காட்சியில் கோல்ஃப் வந்தால் எழுந்து போய்விட வேண்டும். மூக்குக் கண்ணாடி மாற்றுவதென்றால் குழு கூடும். தொப்பை ஏறினாலும் குறிப்பாணை, இறங்கினாலும் குறிப்பாணை. எனக்குச் சளி பிடித்தால் ஆய்வகத்துக்கே விடுமுறை. அந்த வகையில் சக ஊழியர்களுக்கு என் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஒரே வேலையைப் பல வருஷம் செய்துகொண்டே அதில் இம்மியும் தேறாமல் இருப்பது லேசான காரியமில்லை. நிறுவனத்தில் பலர் அதைச் சத்தமில்லாமல் செய்துவந்தார்கள். அதற்கென்றே நியமிக்கப்பட்டவன் நான் ஒருவன்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை என்னைச் சரிபார்ப்பார்கள். அதற்காகவே கண்ணாடிப் பேழையில் ஆதார மட்டை என்று ஒரு பழைய டிரைவர் இருக்கிறது. அதைக் கொண்டு அடித்தால் என் பந்து தொட்டிக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அடித்தால் மட்டை தேயும். தேய்ந்தால் அது ஆதாரமாக இருக்காது. ஆகையால் யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. என்னைப் பேழைக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். முறைமை அதிகாரி அம்மா மட்டையை ஒரு தரம், என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'இருவரிலும் மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

வீட்டில் நான் அளவீட்டுப் பிரிவில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். பொய்யில்லை. அளக்கிறவன் என்று என் மனைவி நினைத்துக்கொண்டாள். அளவுகோல் என்று நான் திருத்தவில்லை.

நானும் என் பாட்டுக்குச் சுமாராகவே இருந்து ஓய்வு பெற்றிருப்பேன். கெட்ட நேரம், என் மனைவிக்கு நல்ல வேலை கிடைத்தது. நாலு தெரு தள்ளி கோல்ஃப் மட்டை செய்கிற தொழிற்சாலை. தண்டில் தலையைப் பசை வைத்து ஒட்டும் மேசையில் அவளைப் போட்டார்கள். எங்கள் விதிமுறையில் தடித்த எழுத்தில் ஒரு வரி உண்டு: 'அளவுகோலுக்கு உறவு கிடையாது.' மட்டை செய்கிறவர்களில் ஒருவர் எனக்கு வேண்டியவர் என்று தெரிந்தால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நான் தொட்ட சோதனையும் ரத்து. அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் விரலில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னங்க, எங்க புது டிரைவர் உங்க ஆபீசுக்குத்தான் வருதாம்."

"அப்படியா" என்றேன், அதில் எனக்கு ஒன்றுமில்லை என்பதுபோல.

"முத்திரை கிடைச்சா எங்க மேசை இருக்கும். இல்லன்னா மேசையையே மடிச்சிடுவாங்களாம். மேனேஜர் கூப்பிட்டு வெச்சு சொல்லிட்டார். எங்க மேசையில ஒருத்தி நிறைமாசமா இருக்கா. அவ அங்கேயே உக்காந்து அழறா. நாங்க என்னன்னு சமாதானம் சொல்றது?"

நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி வெக்கக் கூடாதா?"

"எங்க பிரிவுக்குப் பேச்சே கிடையாதும்மா."

"என்ன பிரிவோ. இத்தனை வருஷமா போறீங்க வரீங்க, வாசல்ல நிக்கற காவலாளிக்குக் கூட உங்களைத் தெரியாது போலிருக்கு."

காவலாளி முதல் இயக்குநர் வரை என் எடை எல்லோருக்கும் மனப்பாடம் என்று நாக்கு நுனி வரை வந்தது. தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பினேன்.

சோதனை நாள் வந்தது. மேசை மேல் ஒரே ஒரு டிரைவர், எந்தத் தயாரிப்பு என்று தெரியாதபடி தலையில் கறுப்பு நாடா சுற்றி இருந்தது.

"இது யாரோட மட்டைன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார் முறைமை அதிகாரி. "தெரிஞ்சா உங்க மனசு ஒரு பக்கம் சாயும்."

கையில் எடுத்தேன். தலையும் தண்டும் சேருகிற கழுத்தில் நாடா எட்டவில்லை. அங்கே பசை ஒரு சொட்டுக் கூட வழியாமல், கட்டைவிரலால் ஒரே சுற்றாக வழித்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் காது உடைந்த கோப்பையை ஒட்டிய விதமும் அதுதான். என் மனசு சாய்ந்தது. சாய்ந்த மனசை முகத்தில் காட்டாமல் பந்து முன்னால் போய் நின்றேன்.

நன்றாக அடிக்க வேண்டும் என்று என் உத்தியோக வாழ்க்கையில் முதல் முறையாக ஆசைப்பட்டேன். அங்கேதான் கெட்டது. பந்து நாலு முழம் உருண்டு நின்றது. அடுத்த அடிக்குப் புல்தான் பறந்தது.

எங்கள் நிறுவனத்தில் ஒலி நிபுணர் என்று ஒருவர் உண்டு. மட்டை பந்தில் படுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டு அதன் தன்மையைச் சொல்வார். பலமான சோதனைகளில் சில சமயம் குறட்டையும் வரும். அவர் கண்ணைத் திறக்காமல், "இது மண்ணோட சத்தம். நல்ல மண்" என்றார்.

என்னை உட்கார வைத்து நாடி பார்த்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். "அளவுகோல் கலங்கியிருக்கு. கொஞ்சம் தெளியட்டும்" என்றார் இயக்குநர். குட்டையில் கலங்கிய தண்ணீரைப் பார்ப்பதுபோல் மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்று நான் தெளிவதைப் பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்த பார்வையில் எனக்கு ஆசையெல்லாம் போய் அலுப்பு வந்தது. எழுந்து போய் அலுப்போடு ஒன்று அடித்தேன். பந்து வழக்கம்போல் எழும்பியது, வழக்கம்போல் வலப்பக்கம் வளைந்தது, ஆனால் தொட்டிக்கு மேலேயே பறந்து அதற்கு அப்பால் வெகு தூரத்தில் போய் விழுந்தது. இன்னொன்று அடித்தேன். அதுவும் அங்கேதான். மூன்றாவதும்.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. மேசை பிழைத்தது என்று திரும்பிப் பார்த்தால், ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார் இயக்குநர்.

"ஒண்ணும் ஆகலை சார். மட்டை நல்ல மட்டை போல."

"அதைச் சொல்ல நீங்க யாரு? மட்டையைப் பத்தி அபிப்பிராயம் வெச்சுக்கற அளவுக்கு எப்போ வந்தீங்க?"

முறைமை அதிகாரி தாழ்ந்த குரலில், "சார், மட்டை நல்லதா இருக்கலாம். இல்லன்னா இவர் தேறியிருக்கலாம்" என்றார். இரண்டாவதைச் சொல்லும்போது, வீட்டுப் பெண் யாரோடோ ஓடிப்போனதைச் சொல்வதுபோல் குரல் இன்னும் இறங்கியது.

"இதுக்கு முன்னாடி ஏதாவது மட்டை தொட்டியைத் தாண்டியிருக்கா?"

"இல்ல சார். நாம முத்திரை குத்தின எல்லாப் புது டிரைவரும் பழசுக்குச் சமம். ஒண்ணு கூடத் தாண்டினதில்ல."

இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் அப்படிக் கட்டினால் உரை வரப்போகிறது என்று அர்த்தம்.

"இதை எல்லாரும் புரிஞ்சுக்கணும். ஒரு மட்டை நல்லா இருக்குன்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஒருத்தன் அதைவிட நல்லதைத் தூக்கிட்டு வருவான். அடுத்த நாள் இன்னொருத்தன். இதுக்கு முடிவு எங்க? தரம்னா அது ஒரு இடத்துல நிக்கணும். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து இங்க தரம் ஒரு அங்குலம் அசைஞ்சதில்ல. நானும்தான் அசையலை. வெளியில எவ்வளவோ மாறிப்போச்சு. அதுக்கு நாம பொறுப்பில்ல."

ஒலி நிபுணர் கண்ணை மூடியபடி தலையாட்டினார்.

கடைசியில் பேழையைத் திறப்பது என்று முடிவாயிற்று. நான் ஆதார மட்டையால் அடிக்க வேண்டும். பந்து தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தால் நான் பழைய ஆள்தான், புது டிரைவர்தான் நல்லது, முத்திரை. தொட்டியைத் தாண்டினால் நான் தேறிவிட்டேன், சோதனை ரத்து. தொட்டிக்கு முன்பே விழுந்தால் நான் கெட்டுவிட்டேன், அப்போதும் ரத்து. புது அளவுகோல் தேடிப் பிடித்துப் பதப்படுத்த வருஷக்கணக்காகும். அதுவரை எந்தத் தொழிற்சாலை மேசையை விரித்து வைத்திருக்கும்?

வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஆதார மட்டையைத் தூக்கி வந்து என்னிடம் கொடுத்தார்கள். ஓங்கினேன். வீசினேன். பந்து அப்படியே இருந்தது. கையில் வெறும் தண்டு இருந்தது. இத்தனை வருஷம் பேழைக்குள் காய்ந்த பசை விட்டுப்போய், மட்டையின் தலை மட்டும் தனியாகக் கிளம்பி, அழகாக வலப்பக்கம் வளைந்து, தொட்டிக்குள் 'தொபுக்' என்று விழுந்தது.



"தூரம் சரியாத்தான் இருக்கு" என்றார் முறைமை அதிகாரி.

"ஆனா போனது பந்து இல்லையே மேடம்" என்றேன்.

"முறையில 'அடியினால் பறந்த பொருள்'னுதான் போட்டிருக்கு. பந்துன்னு எங்கயும் போடலை."

இயக்குநர் அதைப் பற்றி யோசித்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆனால் ஒலி நிபுணர் கண்ணைத் திறந்து, "தண்ணிச் சத்தம் கேட்டுது. முத்திரைக்குத் தண்ணிச் சத்தம் ஒத்துவராது" என்று கெடுத்தார். தலையைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தார்கள். ஆதார மட்டையும் புது டிரைவரை அனுப்பிய அதே தொழிற்சாலையில் செய்ததுதான். ஒட்டுவதற்கு அங்கிருந்தே ஆள் அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் சொன்னார்கள்.

வந்த ஆள், பசை டப்பாவும் நீல ஏப்ரனுமாக, என் மனைவி.

நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

"ஒரு கேள்வி கேக்கணும்மா, முறை" என்றார் முறைமை அதிகாரி. "இங்க இருக்கறவங்கள்ல யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? யாராவது சொந்தம், பழக்கம்னு இருந்தா உங்க டிரைவர் சோதனை ரத்தாயிடும்."

அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். முகத்தைப் பார்த்தாள். மேலங்கியில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல் வாசித்தாள்.

"தெரியாதுங்க" என்றாள். பிறகு, "இவரை மட்டும் எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. ஆனா எங்க போனாலும் இப்படி நாலு பேர் இருக்காங்களே" என்றாள்.

இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அதுக்குத்தான்மா இவரைத் தேர்ந்தெடுத்தோம்" என்றார்.

அவள் காய்ந்த பசையைச் சுரண்டினாள், புதுப் பசை வைத்துத் தலையைப் பொருத்தினாள், கட்டைவிரலால் ஒரு சுற்று வழித்தாள். பசை இறுகச் சாயங்காலம் ஆகும், அதுவரை தொடக்கூடாது என்றாள். ஒட்டியவர் கூடவே இருந்து இறுகியதை உறுதி செய்ய வேண்டும் என்று முறைமையில் இருந்ததாம். ஆக நானும் என் மனைவியும் ஒரே அறையில் எதிரெதிர் நாற்காலியில், யாரோ எவரோவாக உட்கார்ந்திருந்தோம். அவளுக்குத் தேநீர் வந்தது. எனக்கு வரவில்லை, சோதனையின் போது அளவுகோல் எதையும் உட்கொள்ளக் கூடாது.

"இவரு இங்க என்ன வேலை பாக்கறாரு?" என்று முறைமை அதிகாரியைக் கேட்டாள். கேள்வி அங்கே, கண் இங்கே.

"சுமாரா அடிப்பார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானான்னு லேசா கேட்டுட்டீங்க. நல்லா அடிக்க ஊர்ல ஆயிரம் பேர். நம்பிச் சுமாரா அடிக்க இவர் ஒருத்தர்தான்." அந்த அம்மாளின் குரலில் நிஜமான பெருமை இருந்தது. பிறகு தொட்டியைக் காட்டி, பந்து எங்கே விழ வேண்டும், எங்கே விழக்கூடாது, விழுந்தால் என்ன என்று எல்லாவற்றையும் விளக்கினார். என் மனைவி தேநீரை ஆற்றிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

ஒலி நிபுணர் மரியாதைக்காக, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார்.

"அவரும் ஒரு பெரிய ஆபீஸ்லதான். அளவீட்டுப் பிரிவு. என்னத்தை அளக்கறீங்கன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டார். ரகசியமாம். இன்னிக்கு வீட்டுக்கு வரட்டும்."

எனக்கு விக்கல் எடுத்தது. 'அளவுகோலுக்கு விக்கல்' என்று குறித்துக்கொண்டார்கள்.

விக்கல் நின்றது. பயம் நிற்கவில்லை. என் மனைவி நான் வேலை செய்து பார்த்ததே கிடையாது. கல்யாணமான எந்த ஆண்பிள்ளையும் பெண்டாட்டி எதிரில் சுவரில் ஆணி அடித்தாலும் கொஞ்சம் மிடுக்காகத்தான் அடிக்கப் பார்ப்பான். நான் மிடுக்காக அடித்தால் அவள் வேலை போகும். பயந்து அடித்தாலும் போகும். சுமாராக அடித்தால்தான் அவளும், அந்த மேசையும், மாசமாக இருக்கிறவளும் பிழைப்பார்கள். சரி, சுமாராகவே அடிப்போம் என்றால், சுமார் என்பது முயற்சி செய்து வருகிற சமாசாரமா? தூங்க வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவனுக்கு என்றைக்குத் தூக்கம் வந்திருக்கிறது.

வெயில் சாய்ந்தது. அவள் மட்டையின் கழுத்தை அசைத்துப் பார்த்து, "பிடிச்சிருச்சு" என்றாள். எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். இயக்குநர், முறைமை அதிகாரி, ஒலி நிபுணர், அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் கையில் பசை டப்பாவோடு அவள்.

ஆதார மட்டையை ஓங்கினேன். தோள் கல்லாக இருந்தது. இறக்கிவிட்டேன். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினேன். எப்போதும் எந்தக் காலை முன்னால் வைப்பேன் என்பதே மறந்துபோயிற்று. இறக்கினேன்.

"என்ன யோசனை?" என்றார் இயக்குநர். "யோசிக்கறதுக்கு உங்களை வெக்கலையே."

மூன்றாவது தரம் ஓங்கினேன். இந்த முறை இறக்கினால் 'அளவுகோல் தயங்கியது' என்று எழுதி மூடிவிடுவார்கள் என்று தெரியும். எல்லோருடைய மூச்சும் முதுகில் கேட்டது.

"மேடம், இன்னும் நேரமாகுமா?" பின்னாலிருந்து அவள் குரல். யாரிடமோ பேசுகிற சாதாரணக் குரல். "ஒண்ணுமில்ல, வீட்ல அடுப்பை அணைச்சாச்சான்னு இப்பத்தான் ஒரு சந்தேகம் வந்துது. காலையில வீட்டுக்காரர்தான் கடைசியாக் கிளம்பினார். அவரை நம்பவும் முடியாது. அடுப்புக்குப் பக்கத்துலயே ஜன்னல் துணி வேற தொங்குது."

ஜன்னல் துணி. நான்தான் கடைசியாகக் கிளம்பினேன். கதவைப் பூட்டினேன், சாவியை இழுத்துப் பார்த்தேன், அடுப்பு? செருப்பு மாட்டும்போது சமையலறைப் பக்கம் பார்த்தேனா? பார்த்த மாதிரி இருக்கிறது, நேற்றுப் பார்த்ததோ என்னவோ. துணி எரிந்தால் அடுத்தது அலமாரி, அலமாரிக்கு மேலே எண்ணெய். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள்.

அந்த அடியை நான் அடிக்கவில்லை. நான் அப்போது வீட்டில் இருந்தேன்.

சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தேன். பந்து வானத்தில் இருந்தது. எழும்பி, கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், வலப்பக்கம் திரும்பி, தொட்டியின் காலடியில் விழுந்து, ஒரு தரம் உருண்டு, அதன் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

ஒலி நிபுணர் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "சுமார்" என்றார். "அப்பழுக்கில்லாத சுமார்."

முறைமை அதிகாரி அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த டிரைவருக்கு முத்திரை தரேன். பந்து தூரம் போனதுக்குக் காரணம் மட்டைதான், மட்டை மட்டும்தான். இந்த மனுஷன் இத்தனை வருஷத்துல துளி கூட முன்னேறலைங்கறது இன்னிக்கு ஐயத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆயிடுச்சு. இவர்கிட்ட இனிமேலும் எதையும் எதிர்பாக்க வேண்டாம். இவரை உருவாக்கினதுல நிறுவனத்துக்குப் பெருமை. இவ்வளவு நல்ல டிரைவர் நமக்குக் கிடைச்சதே அபூர்வம். ஆகவே இன்னிலேர்ந்து இதுதான் புது ஆதார மட்டை. பேழையில வெச்சுப் பூட்டுங்க. யாரும் தொடக் கூடாது."

கை தட்டினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு ஜோடிக் கை மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். தெருமுனை திரும்பியதும் அவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"வா வா, சீக்கிரம். அடுப்பு" என்றேன், மூச்சு வாங்க.

"எந்த அடுப்பு? காலையில ரெண்டு பேரும் ரொட்டியும் பழமும்தானே தின்னோம். இன்னிக்கு யாரு அடுப்பு பத்த வெச்சா?"

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

"அளவீட்டுப் பிரிவாம்" என்றாள்.

"பிரிவு அதுதான்."

"எங்க மேசையில உங்களை ஆபீசர்னு சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்குப் போய் என்னன்னு சொல்ல?"

"ஆபீசராவே இருந்துட்டுப் போறேன்."

இரண்டு பேரும் சிரித்தோமா, இல்லை எனக்குத்தான் சிரிப்பு வந்ததா, தெரியவில்லை. நாளைக்கு அவள் வேலைக்குப் போவாள். அது தெரிந்தது. அது போதும் என்று இருந்தது.

நிறுவனத்தின் மதில் முடிகிற இடத்தில் அவள் நடையைக் குறைத்தாள்.

"ஏங்க, நான் ஒட்டின டிரைவர்ல அடிச்சப்போ பந்து நிஜமாவே தொட்டியைத் தாண்டிச்சா?"

"வெகு தூரம் தாண்டிச்சு. மூணு தரம்."

"நான் பாக்கலையே."

"நான் பாத்தேன்."

"அது என் ஒட்டாலயா, உங்க அடியாலயா?"

"உங்க மட்டையாலதான். அதுக்குத்தானே முத்திரையே குத்தியிருக்காங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சம் உங்க அடியும் இருக்கும்" என்றாள்.

நான் மதிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். "மெதுவாப் பேசும்மா. யார் காதுலயாவது விழுந்தா என் வேலை போயிடும்."